விண்மீன் படிக்க விரும்பிய மாணவர்: வானியலறிஞர் வைணு பாப்பு

கல்லூரியில் சேர விழையும் மாணவர் நிரப்பித் தரும் விண்ணப்பத்தில் பெயர், பெற்றோர் பெயர், ஊர், பெற்ற மதிப்பெண்கள் ஆகியவற்றிற்குரிய கட்டங்கள் பெரியனவாக இருக்கும். எதிர்கால நோக்கம் என்னும் கட்டம் மட்டும் சிறியதாகக் கடைசியில் இருக்கும். மாணவர் பலர் அதனை வெறுமையாக விட்டுவிடுவர். சிலர் அருகில் நிற்பவர் எழுதியதைப் பார்த்து அவ்வாறே எழுதிவிடுவர். சேர்க்கைக் குழுவில் அமரும் ஆசிரியர்களாகிய நாமும் அக்கட்டத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதோடு நம் பணி நிறைவுற்றதாகக் கருதிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பழனிமலைத் தொடரிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து மாணவர் ஒருவர் தம் தந்தையாருடன் வந்திருந்தார். தந்தையார் பூண்டுத் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். மகன் கணக்குப் பாடத்தில் ஒருமுறை தவறி, மறுமுறை எழுதித் தேறியவர். அவருடைய விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் வானியல் படிக்க விருப்பம் என்று எழுதியிருந்தது. பள்ளியிலிருந்து கோடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார்களாம். அன்று பிறந்த ஆசையாம். நாம் சிரித்தோம். அப்படியொரு பாடம் இங்கு இல்லை என்றும், அது சோறு போடாது என்றும் கூறி, இடம் இருந்த வணிகவியல் வகுப்பில் அவரைச் சேர்த்தோம். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுமாறும் நாமே சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. பேனாவை வாங்கி ஒரே கோடாக அடித்தார். மூன்றாண்டுகள் நம் வகுப்பில் தமிழும் படித்தார், தேறிச் சென்றார். அந்தக் கோடு மட்டும் நம் நெஞ்சிலிருந்து நீங்கவில்லை.

அந்த உறுத்தலால்தான் கோடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க, அதனை நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பெருமகன் ஒருவரும் ஒரு காலத்தில், கல்லூரியில் இல்லாத பாடத்தை விரும்பிய மாணவராகவே இருந்தார் என்பது தெரியவந்தது. அவர்தாம் வைணு பாப்பு. அவர்தம் வாழ்க்கையை நம் மாணாக்கர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் சூழலும்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். வடகேரளத்தைச் சேர்ந்த குடும்பம். தந்தையார் ஐதராபாத்தில் நிஜாமியா வான் ஆய்வுக்கூடத்தில் துணை வானியலாளராகப் பணியாற்றியவர். எனவே மகனின் இளமையும் கல்வியும் ஐதராபாத்திலேயே அமைந்தன.

அந்த ஆய்வுக்கூடத்தின் தோற்றம் பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமாகும். இங்கிலாந்து சென்று கல்வி பயின்ற ஐதராபாத் பெருங்குடியினரான நவாப் ஜபர் ஜங் என்பவர், வானத்தின்மீது கொண்ட பற்றால் 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தம் சொந்தப் பொருளில் வாங்கி, 1901ஆம் ஆண்டில் அதனை நிறுவ முற்பட்டார். அவர் காலத்திற்குப் பின் 1908இல் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. உலக நாடுகள் பல கூடி, வானம் முழுவதையும் பகுதி பகுதியாக ஒளிப்படம் எடுத்து விண்மீன்களை அட்டவணைப்படுத்திய பெரும்பணியில் ஐதராபாத்தும் தனக்கென ஒரு பகுதியை ஏற்று, பல லட்சம் விண்மீன்களின் இடங்களை அளந்து பதிப்பித்தது. செல்வர் ஒருவர் தம் செல்வத்தை அறிவுக்கெனச் செலவிட்டால் அதன் பயன் எங்கெங்குச் சென்று சேரும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. ஜபர் ஜங் நிறுவிய அக்கூடத்தில் பின்னாளில் வேலை பார்த்த ஓர் ஊழியரின் மகனே நம் வைணு பாப்பு. சிறுவயதிலேயே தொலைநோக்கியின் அருகில் நிற்கும் பேறு அவருக்கு வாய்த்தது. தந்தையார் செய்த தொழிலே மகனுக்கு வேட்கையாயிற்று.

கல்லூரியில் இல்லாத பாடம்

ஐதராபாத்தின் நிஜாம் கல்லூரியில் பாப்பு பயின்றார். 1887இல் தோன்றிய அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பெற்றிருந்தது. படிப்பில் மட்டுமன்றிச் சொற்போரிலும் விளையாட்டிலும் அவர் சிறந்து விளங்கினார். ஆயினும் அவர் மனம் நாடிய வானியல் அங்குப் பாடமாக இல்லை. இயற்பியல் இருந்தது, அதனையே எடுத்துப் படித்தார்.

இங்கு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். விரும்பிய பாடம் இல்லையென்று அவர் சோர்ந்துவிடவில்லை. பகலில் கல்லூரியின் இயற்பியல். இரவில் தாமே தேர்ந்துகொண்ட வானியல். சில விண்மீன்களின் ஒளி ஒரே அளவாக நிற்பதில்லை. நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கூடிக் குறையும். அத்தகைய ஒளி மாறும் விண்மீன்களை இரவுதோறும் நோக்கிக் குறித்துவைத்தார். அந்நோக்கீடுகளைக் கொண்டு 1946ஆம் ஆண்டில், பட்ட வகுப்பு மாணவராக இருக்கும்போதே, இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். அப்போது அவருக்கு அகவை பத்தொன்பது. பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அதற்கு மேல் என்ன செய்வது என்பதே கேள்வி. வானியலில் முறையாக ஆய்வுப் பட்டம் பெறுதற்குரிய வாய்ப்பு அந்நாளில் நம் நாட்டில் அரிது. இருந்த ஆய்வுக்கூடங்களும் விரல்விட்டு எண்ணத்தக்கன. வெளிநாடு செல்வதெனின் உதவித்தொகையின்றி இயலாது. காலமோ கொந்தளிப்பான காலம். 1947இல் நாடு விடுதலை பெற்றது. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பெற்றது. அரசே மாறிக்கொண்டிருந்த நாள்களில், விண்மீன் படிக்க வேண்டும் என்னும் இளைஞர் ஒருவரின் விருப்பம் பலருக்கும் பொருந்தாத ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

கடல் கடந்த கல்வி

ஆயினும் வழி திறந்தது. ஐதராபாத் அரசின் உதவித்தொகை கிடைத்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சேர்ந்தார். புகழ்பெற்ற வானியலறிஞர் ஹார்லோ ஷேப்லி அங்குள்ள வான் ஆய்வுக்கூடத்திற்கு இயக்குநராக இருந்த காலம் அது. தாம் இன்னது படிக்க வந்தோம் என்பதை மெய்ப்பிக்க, மதிப்பெண் பட்டியலோடு அவ்விரண்டு கட்டுரைகளும் பாப்புவின் கையில் இருந்தன. கல்லூரி அளிக்காத தகுதியை அவர் தாமே ஈட்டி வைத்திருந்தார் என்பதே அதன் பொருள்.

சேர்ந்து சில திங்களே ஆகியிருந்தன. 1949 ஜூலை 2ஆம் நாள், தாம் எடுத்த வான்படத் தகட்டை ஆராய்ந்தபோது அதில் புதியதொரு வால்மீனைக் கண்டார். உடன்பணியாற்றிய பேராசிரியர் பார்ட் போக், மாணவர் கோர்டன் நியூகிர்க் ஆகியோர் பெயரும் சேர்ந்து, அது பாப்பு–போக்–நியூகிர்க் வால்மீன் என்று பெயர் பெற்றது. பசிபிக் வானியல் கழகம் அவருக்கு டோனோ வால்மீன் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

ஆயின் உதவித்தொகை வழங்கிய ஐதராபாத் அரசு அலுவலகத்திலிருந்து பாராட்டுக்குப் பதிலாகக் கண்டிப்பான கடிதம் ஒன்று வந்தது என்று அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். படிக்கத்தான் அனுப்பினோமேயன்றி வால்மீன் தேடுவதற்கு அனுப்பவில்லை என்னும் கருத்தில் அக்கடிதம் அமைந்திருந்ததாம். இதனைப் படித்தபோது முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே, பூண்டுத் தோட்டத் தொழிலாளியின் மகனிடம் நாம் நீட்டிய பேனா நினைவுக்கு வந்து, சிரிப்பு அடங்கியது. கோப்புகளின் கண்ணுக்குப் படிப்பு என்பது பட்டம் மட்டுமே. மாணவர் உள்ளத்தில் எரியும் விளக்கு அதற்குத் தெரிவதில்லை.

பாப்பு அக்கடிதத்தால் கலங்கிப் படிப்பைத் துறக்கவுமில்லை. வானம் பார்த்தலை நிறுத்தவுமில்லை. 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். கார்னகி ஆய்வுநல்கை பெற்று, அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய தொலைநோக்கியைக் கொண்டிருந்த பலோமர் ஆய்வுக்கூடம் சென்றார். அந்நல்கையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆங்கு ஓலின் வில்சன் என்பாருடன் இணைந்து அவர் செய்த ஆய்வின் முடிவு 1957இல் வெளிவந்தது. விண்மீனின் ஒளியைப் பகுத்துப் பார்த்தால் கால்சியம் என்னும் தனிமத்திற்குரிய ஊதாக் கோடு ஒன்று தோன்றும். வெப்பம் குறைந்த விண்மீன்களில் அக்கோட்டின் நடுவே காணும் ஒளிக்கீற்றின் அகலத்தை அளந்தால், அவ்விண்மீனின் உண்மையான ஒளியாற்றலை அறியலாம். அதிலிருந்து அதன் தொலைவையும் கணிக்கலாம். இவ்வுண்மை இன்றும் வில்சன்–பாப்பு விளைவு என்றே உலகப் பாடநூல்களில் வழங்குகிறது.

கோடைமலைக்கு வருகை

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் பெரிய கருவிகளும் வசதியான வாழ்வும் அவருக்குக் கிடைத்திருக்கும். 1953இல் அவர் தாயகம் திரும்பினார். உத்தரப் பிரதேச அரசு 1954இல் வாரணாசியில் தொடங்கிய வான் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை வானியலாளராகி, அதனை நைனிதால் மலைக்குக் கொண்டுசென்று வளர்த்தார். பின்னர் 1960ஆம் ஆண்டில் கோடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

கோடைக்கானல் ஆய்வுக்கூடம் பழனிமலைத் தொடரில் ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அதன் தோற்றத்திற்கும் நம் மக்களின் பசிக்கும் தொடர்பு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்திற்குப் பின், கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டோ என ஆராய வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. வெள்ளிக்கோளின் போக்கையும் மழையையும் இணைத்துப் பாடிய சங்கப் புலவர்தம் நாட்டில் இக்கேள்வி புதியதன்று. மேகங்களுக்கு மேலே தெளிந்த வானம் தரும் இடத்தைத் தேடிய மிச்சி ஸ்மித் என்பார் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1899இல் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த பழைய ஆய்வுக்கூடத்தின் பணிகள் மலைக்கு மாறின. கதிரவப் புள்ளிகளில் வளிமங்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்பார் 1909இல் கண்டறிந்ததும் இங்கேதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே கோடைக்கானலில் கதிரவனைக் கால்சியம் ஒளியில் படம் பிடித்து வந்தனர். பாப்பு பலோமரில் விண்மீன்களின் ஒளியில் அளந்த அதே கால்சியக் கோடுதான் அது. அவர் பொறுப்பேற்ற காலத்தில் அரை நூற்றாண்டுப் படத்தகடுகள் அங்கே அடுக்கி வைக்கப்பெற்றிருந்தன. கோபுரத்தின் உச்சியில் ஆடிகள் கதிரவனின் ஒளியை ஏந்தி, நிலத்தடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்திற்குள் செலுத்தும் பெரிய கருவியும் அக்காலத்தில் பயன்பாட்டிற்கு வந்தது. அவற்றின் துணைகொண்டு, சிவராமன் என்னும் தம் இளைய ஆய்வாளருடன் சேர்ந்து, அக்கோட்டின் அகலத்திற்குக் கதிரவன் பரப்பில் காரணமாவது யாது என்பதனை ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். தொலைவிலுள்ள விண்மீன்களிடம் எழுந்த கேள்விக்கு நம் மலையிலிருந்து விடை தேடினார் எனலாம்.

காவலூர்

கதிரவனைக் காணக் கோடைமலை சிறந்தது. இரவில் விண்மீன்களை நோக்கவோ, ஆண்டின் பல நாள்களில் மேகங்கள் இடைமறித்தன. எனவே வேறிடம் தேடிய பாப்பு, ஜவ்வாது மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காடு சூழ்ந்த காவலூரைத் தேர்ந்தார். கல்விப் பணியால் நம் சமுதாயத்தில் பெயர்பெற்ற வாணியம்பாடியிலிருந்து அதிகத் தொலைவில்லை. 1968இல் அங்கு முதலில் நிறுவப்பெற்ற 38 செ.மீ. தொலைநோக்கி, கோடைக்கானலில் நம்மவர் கைகளாலேயே செய்யப்பெற்றது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் விண்மீன் ஒன்றை மறைத்த வேளையில், அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்று காவலூரிலும் பதிவாயிற்று.

வானிலைத் துறையின் கீழ் இருந்த கோடைக்கானல் ஆய்வுக்கூடம் 1971 ஏப்ரல் 1 முதல் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாக மலர்ந்தது. அதன் தலைமையகம் 1975இல் பெங்களூருக்கு மாறியது. இவ்வளர்ச்சிகள் யாவற்றிலும் பாப்புவின் உள்ளத்தில் இருந்தது ஒன்றே. வானியல் படிக்க விரும்பும் இந்திய மாணவர் தாய்நாட்டிலேயே நல்ல ஆசிரியரையும் நல்ல கருவியையும் பெறவேண்டும். தாம் கடல் கடந்து தேடியதைப் பின்வருவோர் இங்கேயே பெற வேண்டும். அதற்காக இயற்பியல் பட்டம் பெற்ற இளைஞர்களைத் தேர்ந்து பயிற்றினார். உலோகம் கடைவோர், கண்ணாடி தேய்ப்போர் முதலிய கைவினைஞர்களைக் கொண்டு தொலைநோக்கி செய்யும் திறனையும் இம்மண்ணில் வேரூன்றச் செய்தார்.

அவர் கண்ட பெருங்கனவு, 234 செ.மீ. ஆடி கொண்ட தொலைநோக்கியை முழுவதும் இந்தியாவிலேயே செய்து காவலூரில் நிறுத்துவது. அப்பணி நடந்துகொண்டிருந்தபோதே 1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். 1981இல் நாடு பத்மபூஷண் அளித்தது. கிரேக்க நாட்டில் அவ்வொன்றியத்தின் பேரவை கூடவிருந்த வேளையில், இதய அறுவைக்குப் பின் உடல்நலம் குன்றி, 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மறைந்தார். அகவை ஐம்பத்தைந்து. தாம் தொடங்கிய தொலைநோக்கி வழியே வானத்தை ஒருமுறையேனும் காண அவருக்கு வாய்க்கவில்லை.

1986 ஜனவரி 6ஆம் நாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கியை நாட்டுக்கு அளித்தார். அதற்கும் காவலூர் ஆய்வுக்கூடத்திற்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பெற்றது.

நிறைவாக

பாப்புவின் மறைவுக்குப் பின் 1988 பிப்ரவரியில், காவலூரில் எடுத்த படங்களிலிருந்து ராஜமோகன் என்னும் அறிஞர் சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். அதற்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பெற்றது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தவறி, பட்டம் பெறாமலே வெளியேறிய மாணவர் இராமானுஜன். கல்லூரியில் இல்லாத பாடத்தை விரும்பிய மாணவர் உருவாக்கிய கூடத்திலிருந்து, கல்லூரித் தேர்வு தேற்றாத மாணவரின் பெயர் வானத்தில் எழுதப்பெற்றது. இதனை எண்ணுந்தோறும் ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு பணிவு உண்டாகிறது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் விரும்பிய பாடம் கிடைக்காமல் போகலாம். கிடைத்த பாடத்தைப் பழுதறக் கற்றுக்கொண்டே, விரும்பியதை இரவில் தனியே பயிலுங்கள். பயின்றதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாப்புவின் கையில் இருந்த இரண்டு கட்டுரைகளைப் போல, அதுவே ஒருநாள் உங்களுக்காகப் பேசும். தேர்வில் ஒருமுறை தவறியதை முடிவென எண்ணாதீர்கள். கற்றுயர்ந்தபின், நீங்கள் வந்த வழியில் பின்னே வருபவர்க்கு ஒரு கதவையேனும் திறந்துவையுங்கள்.

சமுதாயப் பெரியோர்களே! ஒரு நவாபின் தொலைநோக்கி எத்தனை பேர் வாழ்வைத் திருப்பியது என்பதை எண்ணிப் பாருங்கள். உதவித்தொகை பெறும் மாணவரிடம் அவர் எடுக்கும் மதிப்பெண்ணோடு, அவர் எதை விரும்புகிறார் என்பதனையும் ஒருமுறை கேளுங்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒன்று உண்டு. இப்போதெல்லாம் சேர்க்கைக் காலத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தை நாம் முதலில் படிக்கிறோம். விரும்பிய பாடம் நம்மிடம் இல்லையெனில், அது எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறோம். எழுதியதை அடிக்கச் சொல்வதில்லை.